இறங்கிடலாம் என்று தோன்றிய இடங்கள்

முதலியார்குப்பம் படகுத்துறையைத் தாண்டியதும் எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. பாட்டிலில் இருந்த கடைசித் தண்ணீரை யார் குடித்தது என்பதுதான் பிரச்சினை. குடித்தவர் ஒத்துக்கொண்ட பிறகும் சண்டை நிற்கவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு கள ஆய்வில் யார் அறிக்கை எழுதாமல் தட்டிக் கழித்தது என்பது வரைக்கும் போனது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வேகமாகப் போகும் கார்களுக்குப் பக்கத்தில், நான்கு சைக்கிள்களைச் சாய்த்துப் போட்டுவிட்டு நால்வரும் கத்திக்கொண்டு நின்றோம். "எனக்கு இதெல்லாம் தேவையா? இங்கயே பஸ் ஏறிடறேன்" என்று எங்களில் ஒருவர் சொன்னார். சொன்னது ஒருவர்தான் என்றாலும் அந்த நிமிடம் நால்வருக்கும் அதே எண்ணம்தான்.

திருவான்மியூரில் விடிகாலை நாலரைக்குக் கிளம்பியிருந்தோம். எண்பது கிலோமீட்டருக்கு மேல் வந்தாயிற்று. போய்ச் சேர வேண்டிய இடம் கீழ்வெண்மணி. இன்னும் இரண்டு மடங்குக்கு மேல் பாதை மிச்சம் இருந்தது.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். மூன்று பேர் முப்பதைத் தாண்டியவர்கள். வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களோடு காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் என்று அலைவது எங்கள் வேலை. நான்காவது ஆள் கல்லூரியில் படிக்கும் தங்கச்சி. டிசம்பர் 25 அன்று வெண்மணிக்குப் பேருந்திலும் வேனிலும் பலமுறை போயிருக்கிறோம். இந்த முறை 23ஆம் தேதி கிளம்பி மூன்று நாளில் சைக்கிளில் போய்ச் சேர்வது என்று முடிவெடுத்தோம். ஏறத்தாழ 320 கிலோமீட்டர். ஏன் சைக்கிள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பதில் சொன்னோம். (இதைத் தட்டச்சு செய்வது ஒருவர். மூவர் படித்து, வெட்டி, சேர்த்திருக்கிறோம். மூவர் என்று ஏன் சொல்கிறோம் என்பது பின்னால் வரும்.)

எங்களில் ஒருவருடைய அப்பா இளவட்டமாக இருந்தபோது பழைய சைக்கிள் ஒன்று வாங்கினார். காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர ஊர்த் தெரு வழியாகத்தான் வந்தாக வேண்டும். தெரு முனை வந்ததும் இறங்க வேண்டும். செருப்பைக் கழற்றி கேரியரில் வைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், அந்தக் கடைசியில்தான் மறுபடி ஏற வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் பத்து வயசுப் பையனாக இருந்தாலும் "எறங்குடா" என்று சொல்லலாம். அப்பா இதைக் கோபமாகச் சொன்னதே இல்லை. "வண்டி எனக்குச் சொந்தம்தான், எறங்குறது மட்டும் அவங்க இஷ்டம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். இதைப் படிக்கிற உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அதனால் சைக்கிளிலிருந்து இறங்குவது எங்களுக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை. கிளம்புவதற்கு முந்தைய நாளே "யாரும் நடுவுல எறங்கக் கூடாது" என்று சபதம் மாதிரிப் பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சு எங்களுக்குச் செய்த கெடுதலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலியார்குப்பம் சண்டையை முடித்து வைத்தது எந்தக் கொள்கையும் இல்லை. ஓமலூர்க்காரத் தோழர் பையைத் திறந்து கடலைமிட்டாய் எடுத்தார். ஆளுக்கு நான்கு. சாலையோரம் இளநீர் விற்ற பாட்டியிடம் ஆளுக்கொரு இளநீர். இருபது நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் தங்கச்சி சிரித்தாள், நாங்களும் சிரித்தோம். யார் பேருந்து ஏறுவதாகச் சொன்னார் என்பதே மறந்துபோனது.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம். தசையிலும் ஈரலிலும் உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை, கிளைகோஜன் என்பது, சுமார் 400 முதல் 500 கிராம்தான் இருக்குமாம். கடுமையாக மிதித்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு கால் மட்டும் ஓய்வதில்லை. மூளைக்கும் அந்தச் சர்க்கரைதான் முக்கிய எரிபொருள் என்பதால் எரிச்சல், அவநம்பிக்கை, "எனக்கு இது எதுக்கு" எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வரும். பசி பசியாக வராமல் சிந்தனையாக வருகிறது. ஏதோ வாழ்க்கை பற்றிய பெரிய உண்மை விளங்கிவிட்டது போல இருக்கும். அதனால்தான் நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் பசிக்கும்வரை காத்திருப்பதில்லை. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, அதாவது பெரிய வாழைப்பழமாக இருந்தால் இரண்டு, தின்றுகொண்டே போகிறார்கள். நாங்கள் காலையில் ஒரு டீயும் இரண்டு பன்னும் தின்றுவிட்டு ஆறு மணி நேரமாக வீராப்பில் மிதித்திருக்கிறோம்.

பிரெவே என்று ஒரு வகை சைக்கிள் பயணம் இருக்கிறது. போட்டி கிடையாது, முதல் பரிசு கிடையாது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் பெரியது பிரான்சில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ்: 1200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். இந்தியாவிலிருந்தும் போகிறார்கள். அப்படி ஓட்டும் நண்பர் ஒருவர் எங்களுக்குச் சொன்ன புத்தி இதுதான்: விட்டுவிடலாம் என்று தோன்றினால் தாராளமாக விடுங்கள், ஆனால் சாப்பிட்டு, அரை மணி நேரம் படுத்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். மன உறுதியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிசம்பரில் தெற்கு நோக்கிப் போனால் வாடைக்காற்று முதுகில் தள்ளும் என்று சொன்னதும் அவர்தான். அது நூற்றுக்கு நூறு உண்மை. உப்பளங்களுக்கு நடுவே மரக்காணத்தைத் தாண்டியபோது சும்மா உட்கார்ந்திருந்தாலே வண்டி ஓடியது.

அன்றிரவு புதுச்சேரியில் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியில் படுத்திருந்தபோது அண்ணலின் மாட்டு வண்டிப் பயணம் பேச்சில் வந்தது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படித்தவர்களுக்குத் தெரியும். 1901ஆம் ஆண்டு, ஒன்பது வயதுச் சிறுவனாக, அப்பாவைப் பார்க்க மசூர் ரயிலடியில் வந்து இறங்குகிறார். என்ன சாதி என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். கடைசியில் இரண்டு மடங்கு கூலிக்கு ஒருவர் சம்மதிக்கிறார். வண்டியைக் குழந்தைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார் என்பது ஏற்பாடு. அந்தப் பகுதியைப் பள்ளிப் பிள்ளைகளிடம் எத்தனையோ முறை வாசித்துக் காட்டியிருக்கிறோம். ஆனால் அன்றைக்குத்தான் ஒரு விவரம் உறைத்தது: அவர்கள் கையில் சாப்பாடு இருந்தது. தண்ணீர்தான் இல்லை. தண்ணீர் இல்லாததால் கையில் இருந்த சாப்பாட்டையும் தின்ன முடியாமல் அந்தப் பிள்ளைகள் இரவெல்லாம் பட்டினி கிடந்தார்கள். எங்களுக்கு நூறு அடிக்கு ஒரு டீக்கடை இருந்தது. நாங்கள்தான் நிற்கவில்லை.

இரண்டாம் நாள் மழை. புதுச்சேரியில் தூறலாகத் தொடங்கி கடலூர் தாண்டியதும் கொட்டியது. நான்கு வழிச்சாலை வேலை நடக்கிற இடங்களில் செம்மண் சேறு செயினில் அப்பிக்கொண்டது. தங்கச்சியின் சைக்கிள் பள்ளியில் கொடுத்த அரசு சைக்கிள். அந்தத் திட்டம் 2001-02இல் தொடங்கியபோது மேல்நிலை வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத்தான் தொடங்கியது, பிறகுதான் எல்லாருக்கும் விரிந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு சாலைக்கு வந்தார்கள், அதில் கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் உண்டு. இதையெல்லாம் முந்தின நாள் பேசிக்கொண்டே வந்தோம். இரண்டாம் நாள் பேச்சு இல்லை. தங்கச்சி பின்தங்கிக்கொண்டே இருந்தாள். புதுச்சத்திரம் பக்கத்தில் நிறுத்தி, "அக்கா, முடியல. முட்டி வலிக்குது. நான் திரும்பிப் போறேன்" என்றாள்.

இங்கேதான் நாங்கள் செய்த தப்பு. அவளைச் சுற்றி நின்றுகொண்டு பேசினோம். வெண்மணியில் எரிந்த 44 பேரை நினைத்துப் பார் என்றோம். கூலி கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதற்காக, செங்கொடியை இறக்க மறுத்ததற்காக, ஒரே குடிசையில் பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும் கொளுத்தப்பட்டதைச் சொன்னோம். அவ்வளவு வசதியான மிராசுதார்கள், கார் வைத்திருப்பவர்கள், சம்பவ இடத்துக்கு நடந்தே போயிருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்ததைச் சொன்னோம். அவர்கள் வலிக்கு முன்னால் உன் முட்டி வலி என்ன என்றும் சொன்னோம். வாய்விட்டுச் சொன்னது ஒருவர், தலையாட்டியது மற்றவர்கள். பத்தொன்பது வயதுப் பெண் மழையில் அழுதுகொண்டு மறுபடி பெடலில் கால் வைத்தாள். நாங்கள் அதை வெற்றி என்று நினைத்துக்கொண்டோம்.

ஏழெட்டு கிலோமீட்டர் போனதும் செயின் கழன்றது. சாலையோரம் தார்ப்பாய் கட்டிய பஞ்சர் கடை. கடைக்காரர் பெரியவர். செயினை மாட்டிவிட்டு அவளைச் சைக்கிளில் உட்காரச் சொல்லிப் பார்த்தார். "ஏம்மா, சீட்டு இவ்ளோ கீழ இருக்கே, முட்டி என்னத்துக்கு ஆவும்?" என்றார். ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி சீட்டை நான்கு விரல் உயர்த்தினார். பெடல் கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நீள வேண்டும், முட்டியில் லேசான மடக்குதான் இருக்க வேண்டும் என்று காலைப் பிடித்துக் காட்டினார். பதினோராம் வகுப்பு உயரத்துக்கு வைத்த சீட்டை அவள் மாற்றவே இல்லை. சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் வலி பாதியாகக் குறைந்தது. சீட்டு உயர்த்தியதற்கு அவர் காசு வாங்கவில்லை.

நால்வரில் மூன்று பேர் சமூகப் பணியாளர்கள். ஒருவர் சமூகவியல் முதுகலை. யாருக்கும் அந்தச் சீட்டைப் பார்க்கத் தோன்றவில்லை.

கொள்ளிடப் பாலத்தைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. சீர்காழியில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஓமலூர்த் தோழர் இலையில் கை வைக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. எங்களில் நன்றாக ஓட்டுபவர் அவர்தான். எதிர்க்காற்று வந்த இடங்களில் முன்னால் போய் எங்களைக் காற்றிலிருந்து மறைத்துக் கொடுத்தவர். "நான் பஸ்ல போயிடறேன் தோழர். வண்டிய இங்க ஸ்டாண்டுல போட்டுட்டுப் போறேன்" என்றார். வெண்மணிக்கு இன்னும் எண்பது கிலோமீட்டர்தான் என்றோம். ராத்திரி தூங்கினால் சரியாகிவிடும் என்றோம். அவர் அசையாததும் ஒருவர், "சரி விடுங்க, வாய்தாவுக்கு வராத வக்கீல் மாதிரி" என்றார். மற்றவர்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சேலம் பக்கம் போகும் வண்டி பார்க்கப் போனார்.

மூன்று வாரம் கழித்து அவர் வேலையை விட்டார். குழுவிலிருந்தும் விலகினார்.

அதற்குப் பிறகு தெரிந்த விஷயங்களை வரிசையாக எழுதக் கை கூசுகிறது. எங்கள் நிறுவனத்தில் அப்போது நான்கு மாதமாகச் சம்பளம் வரவில்லை. எங்களுக்கும்தான் வரவில்லை. ஆனால் ஒருவருக்கு வீட்டுக்காரர் ஆசிரியர். இன்னொருவருக்கு அப்பாவின் பென்ஷன். ஓமலூர்த் தோழருக்கு மனைவி, குழந்தை, வாடகை வீடு, கைமாற்றுக் கடன். பயணத்துக்கு முந்தின வாரம் முழுக்க அவர் மதியச் சாப்பாட்டை விட்டிருக்கிறார். முதலியார்குப்பத்தில் பங்கு வைத்த கடலைமிட்டாயில் அவர் தனக்கு எடுத்துக்கொண்டாரா என்று எங்கள் மூவருக்கும் நினைவில்லை. ஒருவர்கூட கவனிக்கவில்லை. நடுவில் இறங்கக் கூடாது என்று சபதம் போட்டுவிட்ட பிறகு, முடியவில்லை என்று எப்படிச் சொல்வார்? காய்ச்சல் வந்ததால்தான் சொல்ல முடிந்தது.

இதில் எங்களுக்கு இன்னும் வெட்கமான பகுதி ஒன்று உண்டு. இதே பாடத்தை எங்களுக்கு அவர் ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருந்தார். ஒரு வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல வேண்டிய அக்கா ஒருவர். தாக்கல் செய்த நாளிலிருந்து இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் விசாரணை, வாய்தா மேல் வாய்தாவாக வருடக் கணக்கில் இழுத்தது. ஒரு நாள் அவர், "போதும்பா, ராசியாப் போயிடறேன்" என்றார். நாங்கள் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசினோம். மானம், அடுத்த தலைமுறை, அண்ணல் எல்லாம் பேசினோம். அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ஓமலூர்த் தோழர் மட்டும் கடைசியில், "அக்கா, கோர்ட்டுக்கு வர்ற அன்னிக்கு எவ்ளோ செலவாவுது?" என்று கேட்டார். இரண்டு பேருந்து மாற வேண்டும். நூறு நாள் வேலைக் கூலி போய்விடும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்கு ஏதாவது வாங்கித்தர வேண்டும். எதிரிகள் காரில் வந்து இறங்குவார்கள், இவர் பட்டினியோடு மாலை வரை வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இல் விதி 11 இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணப்படி, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தினப்படி தர வேண்டும், அதையும் உடனே, தாமதமானாலும் மூன்று நாளுக்குள் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. மாணவத் தோழர்கள் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் பார்த்த வழக்குகளில் யாரும் தானாகக் கொண்டுவந்து கொடுத்ததில்லை. எழுதிக் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தோழர் எழுதினார். மூன்று மனுவுக்குப் பிறகு பணம் வந்தது. ராசி பற்றி அக்கா மறுபடி பேசவில்லை. சாட்சி சொன்னார். வழக்கு இன்னும் முடியவில்லை.

அப்படிக் கேட்கத் தெரிந்த மனிதரிடம் நாங்கள் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இயக்க வேலையில் யாராவது விலகினால் நம்மிடம் தயாராக வார்த்தைகள் இருக்கின்றன. ஓடிப்போனவர், விலைபோனவர், அர்ப்பணிப்பு இல்லாதவர். சில பேர் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம், நாங்கள் அப்பாவிகள் இல்லை. ஆனால் அந்த வார்த்தைகளை எடுப்பதற்கு முன் சாப்பிட்டாரா, சம்பளம் வந்ததா, வீட்டில் யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தோமா? நம் தியாகிகளின் பெயரை வைத்து ஒருவரைக் கூசவைப்பது எளிது. புதுச்சத்திரத்தில் நாங்கள் செய்தது அதுதான். எறங்காதே என்று சொல்லும் அதிகாரத்தை எங்களுக்கு யார் கொடுத்தது என்று யோசித்தால், அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வருகிறது. சொன்ன வார்த்தைதான் வேறு.

மூன்றாம் நாள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று பேராகத் தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் வழியாகப் போனோம். மணிக்கொரு முறை நிறுத்தித் தின்றோம். உள்ளங்கை மரத்துப்போனதால் கையை அடிக்கடி மாற்றி வைத்துக்கொண்டோம். உட்காருமிடத்துத் தேங்காய் எண்ணெய் சமாச்சாரத்தை நேரில் கேட்டால் சொல்கிறோம். நாகப்பட்டினத்தில் தங்கச்சி, "பத்து நிமிஷம் தள்ளிட்டு வர்றேன்" என்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் இறங்கித் தள்ளினோம். கீழ்வேளூர் தாண்டி வெண்மணி நெருங்கியபோது கூட்டம் நிறைந்திருந்தது. சைக்கிளை வயல் வரப்பில் சாய்த்துவிட்டு வரிசையில் நின்றோம்.

இந்த டிசம்பரில் மறுபடி போகிறோம், ஏழெட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சபதம் எதுவும் கிடையாது. வழியில் பேருந்து ஏறுபவர்களுக்கான கட்டணத்தை முதலிலேயே பொதுப் பணத்தில் எடுத்து வைத்தாயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லார் சீட்டையும் தங்கச்சி பார்ப்பாள்.

போன வாரம் ஓமலூர்த் தோழருக்குப் போன் செய்தோம். மன்னிப்புக் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்த அக்கா வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டார். சொன்னோம். சைக்கிள் பற்றி நாங்களும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. அவர் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்துவிட்டாரா என்று மட்டும் வைக்கும்போது கேட்டோம். இல்லை என்றார். டோக்கன் இன்னும் பத்திரமாக இருக்கிறதாம்.